எல்லாம் மாற்றிய பிறகும் இன்ஜின் உதறுவது ஏன்?

கேள்வி: "ஐயா, வெள்ளவேடு பக்கத்தில் ஒன்றேகால் ஏக்கரில் கீரை போடுகிறோம். கோயம்பேட்டுக்குக் கொண்டுபோக 1998-ஆம் வருடத்து ஆம்னி வேன் இருக்கிறது. 2023 டிசம்பர் புயல் மழையில் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து டயரில் பாதி வரை நின்றது. அதன் பிறகு மாமனாருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. ஒன்றரை வருடம் வண்டியைத் தொடவே இல்லை. போன ஆனி மாதம் ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். ஹெட் கேஸ்கெட், பிளக், பிளக் ஒயர், டைமிங் பெல்ட் எல்லாம் மாற்றி, கார்புரேட்டரையும் கழுவிக் கொடுத்தார்கள். 14,500 ரூபாய் ஆனது. பத்து நாள் நன்றாக ஓடியது. இப்போது சோக் போட்டால்தான் ஓடுகிறது. சோக்கைத் தள்ளினால் உதறி நின்றுவிடுகிறது. ரோட்டில் வேகம் பிடித்துவிட்டால் பரவாயில்லை. வானகரம் நெரிசலில் இரண்டு முறை நின்றுபோய், பின்னால் வந்தவர்களெல்லாம் திட்டினார்கள். இன்னொரு இடத்தில் காட்டியதற்கு இன்ஜினை ரீபோர் செய்ய வேண்டும், 35,000 ஆகும் என்கிறார்கள். இப்போது கீரையை வாடகை வண்டியில் அனுப்புகிறோம். விற்ற காசில் பாதி வாடகைக்கே போகிறது. வேனைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவள்ளூர் மாவட்டம்.

பதில்: காயலான் கடைக்கும் வேண்டாம், ரீபோருக்கும் இப்போது வேண்டாம். பாதி பதில் வாசகியின் கடிதத்திலேயே இருக்கிறது. "பத்து நாள் நன்றாக ஓடியது" என்று எழுதியிருக்கிறார். ரீபோர் என்பது சிலிண்டர் சுவர் தேய்ந்து, பிஸ்டன் ரிங்கின் பிடிப்பு விட்டுப்போன இன்ஜினுக்குச் செய்யும் வைத்தியம். அந்தத் தேய்மானம் வருடக் கணக்கில் வருவது. பத்து நாள் ஒளிந்திருந்துவிட்டுப் பதினோராம் நாள் தலைகாட்டாது. பத்து நாள் சரியாக ஓடிய இன்ஜின் பிறகு உதறுகிறது என்றால், இடையில் எதுவோ அடைத்திருக்கிறது. அல்லது எதுவோ தளர்ந்திருக்கிறது. ரிங் தேய்ந்த வண்டியில் சைலன்சரில் நீலப் புகை வரும், ஆயில் குறைந்துகொண்டே போகும். இரண்டைப் பற்றியும் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை.

சோக் போட்டால் ஓடுகிறது என்பது அடுத்த தடயம். சோக்கை இழுக்கும்போது கார்புரேட்டரின் வாயிலுள்ள ஒரு தகடு மூடி, உள்ளே போகும் காற்றைக் குறைக்கிறது. அதனால் பெட்ரோல் பங்கு கூடுகிறது. குளிர்ந்த இன்ஜினுக்குக் காலையில் அது தேவை. சூடான பிறகும் அது இல்லாமல் ஓடாது என்றால், இன்ஜினுக்குள் போகும் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். இதற்கு வழி இரண்டுதான். பெட்ரோல் வரும் துளை அடைபட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கார்புரேட்டருக்குக் கீழே எங்கோ ஒரு சந்தில் திருட்டுக் காற்று புகுந்துகொண்டிருக்க வேண்டும்.

வேகம் பிடித்தால் பரவாயில்லை என்பதும் அதற்கே சாட்சி. வண்டி நின்றபடி ஓடும்போது, அதாவது ஐடிலிங்கில், ஆக்சிலரேட்டர் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். அப்போது பெட்ரோல் வருவது ஸ்லோ ஜெட் என்ற ஊசித் துளை வழியாக மட்டும். அந்தத் துளையில் ஒரு துகள் உட்கார்ந்தாலே போதும். அதே நேரத்தில் தகட்டுக்குக் கீழே மேனிஃபோல்டில் உறிஞ்சு விசை பலமாக இருக்கும். சிறு சந்து கிடைத்தாலும் வெளிக்காற்றை இழுத்துவிடும். காலை மிதித்தால் தகடு திறக்கிறது, பெரிய ஜெட் வேலைக்கு வருகிறது, உறிஞ்சு விசையும் தணிகிறது. கோளாறு அங்கேயேதான் இருக்கும், ஆனால் தெரியாது. சிக்னலில் நின்றால் மறுபடி தெரியும்.

கடிதம் வந்த பிறகு, பாடியிலுள்ள ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று அம்பத்தூரில் இருக்கும் மெக்கானிக் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் வண்டியைப் பார்த்தார். அவர் பார்த்த வரிசை மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அது இங்கே விவரமாகவே தரப்படுகிறது.

முதல் அரை மணி நேரம் அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. ஒரு தாளை எடுத்து, வண்டி நிற்பதற்கு முன் எப்படி ஓடியது, எத்தனை நாள் நின்றது, யார் எதைக் கழற்றினார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். நீண்ட நாள் நின்று, பிறகு பழுதும் பார்க்கப்பட்ட வண்டியில் கோளாறுக்கு இரண்டு பிறப்பிடம் உண்டு. ஒன்று, நின்றதால் வந்தது: பழைய பெட்ரோல், துரு, காய்ந்த ரப்பர், எலி. இன்னொன்று, பழுது பார்த்த கையால் வந்தது: மாறிப்போன ஒயர், முடுக்காத நட்டு, ஒரு பல் தள்ளி மாட்டிய டைமிங் பெல்ட். இரண்டையும் பிரிக்காமல் ஆரம்பித்தால் பணம்தான் கரையும்.

"தம்பி, போன தடவை வேலை பார்த்தவங்க டேங்க்கை இறக்கினாங்களா?"

"இல்லீங்க சார். கார்புரேட்டரை மட்டும்தான் கழட்டிக் கழுவினாங்க."

"டேங்க்ல இருந்த பெட்ரோல்?"

"ஒரு பத்து லிட்டர் பழசு இருந்துது. அதுக்கு மேலயே அஞ்சு லிட்டர் ஊத்தி ஸ்டார்ட் பண்ணோம்."

பக்கத்தில் நின்ற வாசகி, "பெட்ரோல் கூடவா அண்ணே கெட்டுப்போகும்?" என்று கேட்டார்.

"சமையல் எண்ணெயைத் திறந்து வெச்சா காறல் வாடை அடிக்குதில்லம்மா, அது மாதிரிதான்" என்றார் அவர்.

அவர் சொன்னது சரியான ஒப்பீடு. பெட்ரோலில் இலேசாக ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும். காலையில் வண்டியைக் கிளப்புவது அந்தப் பகுதிதான். மீதி காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாக மாறும். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் எடுக்கப்படுவது என்பதால், விவசாயிகளுக்கு அது வேண்டிய சரக்குதான். 2022-ல் நாடு முழுக்க நூற்றுக்குப் பத்து பங்கு கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியிலிருந்து இருபது பங்கு கலந்த இ-20 பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. ஆனால் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து, டேங்க்கின் அடியில் போய்த் தங்கும். இன்ஜினுக்குப் பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் வாயும் அந்த அடியில்தான் இருக்கிறது. பழைய தகர டேங்க்கில் துரு பிடிப்பதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அவர் டேங்க்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து நிழலில் வைத்தார். அரை மணி நேரத்தில் அடியில் கலங்கலாக ஒரு படிவு தெரிந்தது; அதில் செம்மண் போலத் துருத்தூள். மேலே நின்ற பெட்ரோல் தேன் நிறத்தில் வார்னிஷ் வாடை அடித்தது. (டேங்க்கிலிருந்து பெட்ரோல் எடுக்கக் குழாய் போட்டு வாயால் உறிஞ்சும் பழக்கம் ஊர்ப்புறத்தில் இன்னும் இருக்கிறது. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கைப்பம்பு வாங்கிக்கொள்ளுங்கள்.)

இனி பத்து நாள் கணக்கு புரியும். கார்புரேட்டரைக் கழுவியதும் ஜெட் திறந்தது, வண்டி ஓடியது. டேங்க்கிலிருந்த துருவும் பிசினும் பெட்ரோலோடு கிளம்பி, பழைய ஃபில்டரைத் தாண்டி, பத்து நாளில் அதே ஜெட்டில் போய் உட்கார்ந்துகொண்டன. சொட்டு நீர் போட்டவர்களுக்கு இது புதிதல்ல. மணல் வடிகட்டியைக் கழுவாமல் சொட்டுவானை மட்டும் குத்திக் குத்திச் சுத்தம் செய்கிறவர் அடுத்த வாரமும் குத்திக்கொண்டுதான் இருப்பார்.

டேங்க்கோடு அவர் நிற்கவில்லை. ஒரு காரணம் கிடைத்தவுடன் அதுதான் எல்லாம் என்று முடிவு கட்டுவதும் தவறு.

ஆம்னியில் முன் சீட்டைத் தூக்கினால் அதன் அடியிலேயே இன்ஜின். மூன்று சிலிண்டர், 796 சிசி. பழைய மாருதி 800 காரிலும் இதே வகை இன்ஜின்தான். நான்கு சிலிண்டர் வண்டியில் ஒன்று வேலை செய்யாவிட்டால் கால் பங்கு பலம் போகும். இதில் ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்; ஆட்டமும் அதற்கேற்ப அதிகம். அதனால் எந்தச் சிலிண்டர் உழைக்கிறது, எது சும்மா இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதில் வேறொரு பிளக்கைச் செருகி, பிளக்கின் உடம்பு இன்ஜின் இரும்பில் நன்றாகத் தொடும்படி வைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வது முறை. ஓடும்போது வெறுங்கையால் பிடுங்கினால் ஷாக் அடிக்கும். பெட்ரோல் கசிவு இருக்கும் வண்டியில் இந்தச் சோதனையே கூடாது. ஒயரை எடுத்ததும் இன்ஜின் இன்னும் மோசமாக உதறினால் அந்தச் சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அது ஏற்கெனவே படுத்துவிட்டது.

இந்த வேனில் இரண்டும் மூன்றும் நன்றாக உழைத்தன. ஒன்றாம் சிலிண்டர் உழைத்தது, ஆனால் மந்தம். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். நல்ல பிளக்கின் நுனி இளம்பழுப்பாக இருக்கும். பெட்ரோல் அதிகமானால் கரி படியும், ஆயில் எரிந்தால் பிசுபிசுப்பாக ஈரமாக இருக்கும், காற்று அதிகமானால் வெளுத்துப்போகும். இங்கே மூன்றுமே வெளுப்பு. ஒன்றாம் நம்பர் சுண்ணாம்பு போல. மூன்றும் வெளுத்ததற்கு ஜெட் அடைப்பு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றாம் நம்பர் மட்டும் கூடுதலாக வெளுத்தது ஏன்?

பிளக் ஒயர்கள் வரிசை மாறியிருக்கிறதா என்று பார்த்தார். இந்த இன்ஜினில் வெடிக்கும் வரிசை 1-3-2. ஒயர்கள் சரியாகத்தான் மாட்டியிருந்தன. வரிசை மாறியிருந்தால் பத்து நாள் என்ன, கொட்டகையை விட்டே வண்டி கிளம்பியிருக்காது. பிறகு அவர் வாசகியிடம் கைத்தெளிப்பான் இருக்கிறதா என்று கேட்டார். களைக்கொல்லி அடிக்காத ஒன்றாகப் பார்த்து எடுத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சினார். டிஸ்ட்ரிபியூட்டர், காய்ல் பக்கம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டார். ஒன்றாம் சிலிண்டர் பக்கத்து மூட்டில் பட்டபோது இன்ஜின் சத்தம் பளிச்சென்று மாறியது. இரண்டு மூன்று நொடி சீராக ஓடி, மறுபடி உதறியது. அந்தச் சந்தைத் தண்ணீர் அடைத்திருந்த நேரம் அவ்வளவுதான்.

காரணம் எளியது. ஹெட் கேஸ்கெட் மாற்றும்போது மேனிஃபோல்டைக் கழற்றித்தான் மாட்டியிருக்கிறார்கள். புது கேஸ்கெட் இன்ஜின் சூட்டில் சற்று அமுங்கும், நட்டுகள் இளகும். சில நாள் ஓட்டியபின், ஆறிய இன்ஜினில் மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்து இரண்டு நட்டுகள் விரலாலேயே திரும்பின. இதைச் சோதிக்கச் சில இடங்களில் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்சர் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

ரீபோர் பேச்சு முடிந்தபாடில்லை. 35,000 ரூபாய் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அது மனதில் கிடந்து அரிக்கும். வாசகியின் கணவரும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதைத் தீர்க்கக் கம்ப்ரஷன் கேஜ் என்று ஒரு சாமான் இருக்கிறது. மூன்று பிளக்கையும் கழற்றி, காய்ல் ஒயரை எடுத்து எர்த்தில் தொட வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்ப்பது. பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றுமே குறைவாகக் காட்டி ஆளை ஏமாற்றும். மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நின்றால் இன்ஜின் உடம்பு நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் கோளாறு ரிங்கில். ஏறாவிட்டால் வால்வில்: நின்ற காலத்தில் துரு பிடித்து ஒட்டியிருக்கலாம், அல்லது டேப்பட் செட்டிங்கில் இடைவெளியே விடாமல் வைத்திருக்கலாம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட் அந்த இடத்தில் விட்டிருக்கிறது. மூன்றுமே ஒரே அளவில் குறைந்தால் டைமிங் பெல்ட் பல் மாறியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

இந்த வேனில் முள் மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது.

ரீபோர் சொல்கிறவரிடம், "கம்ப்ரஷன் எவ்வளவு வந்தது, எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேஜ் வைக்காமலே ரீபோர் சொல்வது, மண்ணைச் சோதிக்காமல் மூட்டைக் கணக்கில் உரம் எழுதிக் கொடுப்பது போலத்தான். முதல் ஒர்க்‌ஷாப்பில் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் நான்கு சாமான்களை ஒரே நாளில் மாற்றியதால் எது தேவையாக இருந்தது, எது தேவையில்லை என்று இனி யாருக்கும் தெரியாது. இலை மஞ்சளானதும் பூச்சி மருந்து, பூஞ்சான் மருந்து, நுண்ணூட்டம் மூன்றையும் ஒரே டேங்க்கில் கலந்து அடித்துவிட்டு வருகிறவர்களிடமும் இதே சிக்கல் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொடுகிற மெக்கானிக் கிடைத்தால் விடாதீர்கள்.

அப்படிப்பட்ட ஆள் கிடைப்பதுதான் இப்போது சிரமம். பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் இருக்கிறது. இந்தியாவில் ஓடும் எத்தனையோ வண்டிகளின் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் அங்கே பிறந்தவை. ஆவடியில் ராணுவ டாங்கிக்கே இன்ஜின் செய்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்குக் கணக்கில்லை. வளைந்த சிலிண்டர் ஹெட்டைச் சமதளமாகத் தேய்த்துத் தர அங்கே ஆள் இருக்கிறார்கள். இருந்தாலும் கார்புரேட்டரைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கை குறைந்துவிட்டது. 2000-க்குப் பிறகு புகைக் கட்டுப்பாடு இறுகியதும் கார்களெல்லாம் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. ஸ்கேனரைச் செருகிக் கோளாறு எண்ணைப் படித்துப் பழகிய இளைஞர்களுக்கு, செருக இடமே இல்லாத 1998 வண்டி புதிராகத்தான் இருக்கும். அது அவர்கள் குற்றமில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஐம்பது வயது தாண்டிய மெக்கானிக்கைத் தேடிப் போவது நல்லது.

வேனுக்குச் செய்த வேலை இவ்வளவுதான். டேங்க்கை இறக்கிக் கழுவி, காய வைத்து மாட்டினார்கள். பெட்ரோல் ஃபில்டரும் காய்ந்து வெடித்திருந்த ரப்பர் ஹோஸும் புதிதாகப் போட்டார்கள். மேனிஃபோல்டு கேஸ்கெட் மாற்றி, நட்டுகளைச் சமமாக முடுக்கினார்கள். ஸ்லோ ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்தார்கள். கம்பி விட்டுக் குத்தவில்லை, குத்தினால் துளையின் அளவு மாறிவிடும். புது பெட்ரோல் ஐந்து லிட்டர். கூலியோடு 2,900 ரூபாய். கடைசியில் ஐடிலிங் ஸ்க்ரூவைச் சற்றுத் திருத்த வேண்டியிருந்தது. எத்தனாலுக்குள் ஆக்ஸிஜன் இருப்பதால், இ-20 போட்ட பழைய கார்புரேட்டர் வண்டியில் கலவை இன்னும் கொஞ்சம் காற்றுப் பக்கம் சாயும். வருடக்கணக்கில் பழைய பெட்ரோலுக்கு வைத்த செட்டிங் அப்படியே பொருந்தாது.

ஒரு வாரம் கழித்து நட்டுகளை மறுபடி பார்த்தார்கள். ஒன்று கால் சுற்று ஏறியது.

வெள்ளத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டயர் பாதி வரைதான் நின்றது என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டியபோது அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியில் முதலில் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஆம்னிக்குப் பின் சக்கரத்தில் இழுவை. பின் ஆக்ஸிலில் கிரவுன் இருக்கும் வீட்டுக்குள் மூச்சுத் துளை வழியாகத் தண்ணீர் போயிருக்கலாம். இந்த வேனில் இன்ஜின் ஆயில் சுத்தமாக இருந்தது. பின் ஆக்ஸில் ஆயில்தான் வெளுத்திருந்தது. அதை ஒன்றரை வருடமாக யாரும் திறந்து பார்க்கவில்லை. இதே போல நின்ற வண்டி வைத்திருப்பவர்கள் உடனே பாருங்கள். அந்தப் பல் தேய்ந்தால்தான் நிஜமான பெரிய செலவு.

இனி, வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி. இன்ஜின் நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்ல முடியாது. பதினைந்து வருடம் கடந்த காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வருடம் கடந்த கார்களுக்கு 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. பசுமை வரி, இன்சூரன்ஸ், அடித்தகடு துருவுக்கு வெல்டிங் எல்லாம் தனி. அடித்தகடும் சேசிஸும் உளுத்துப்போயிருந்தால் நல்ல இன்ஜினும் வண்டியைக் காப்பாற்றாது. ஆம்னி உற்பத்தி 2019-ல் நின்றுவிட்டது. ஆனாலும் சாமான்கள் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன, புதுப்பேட்டையில் பழையதும் கிடைக்கும். வாசகியின் வேனில் பதிவு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, தகடும் பரவாயில்லை. இரவு ஒரு மணிக்கு வாடகை வண்டிக்காரர் போனை எடுக்கவில்லையென்றால் பறித்த கீரையைக் காலையில் மாட்டுக்குத்தான் போட வேண்டும். அதையும் கணக்கில் சேர்த்தால் அந்த மூன்று வருடமும் வேன் அவர்களிடம் இருப்பதே லாபம்.

கேள்வி: "டீசல் ஆயில் இன்ஜினை ஆறு மாதமாக ஓட்டவில்லை. இப்போது இரண்டு முறை வெடித்து நின்றுவிடுகிறது. ஏன்?" — வாசகர், திருநின்றவூர்.

பதில்: பெரும்பாலும் ஏர் லாக். டீசல் குழாயில் காற்று புகுந்தால் பம்ப்பால் அழுத்தம் கொடுக்க முடியாது. முதலில் டேங்க் அடியிலுள்ள டீசலைக் கொஞ்சம் வெளியே விட்டு, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவை இளக்கினால் நுரையாக வரும். நுரை நின்று முழு டீசலாக வந்ததும் முடுக்குங்கள். அதன் பிறகும் நின்றால் ஃபில்டரை மாற்றுங்கள். ஓட ஆரம்பித்த பிறகு புகையைக் கவனியுங்கள். நெடுநேரம் வெள்ளைப் புகையாக வந்தால் டீசல் சரியாக எரியவில்லை அல்லது தண்ணீர் சேருகிறது. கறுப்பென்றால் காற்று போதவில்லை, ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். வைக்கோல் போர் பக்கத்தில் வைத்த இன்ஜினில் எலி கூடு கட்டியிருப்பது அபூர்வமில்லை. மூடிய மோட்டார் ரூமில் ஓட்டிச் சோதிக்க வேண்டாம், கதவைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: "பெட்ரோலில் ஓடும் பவர் வீடரை அடுத்த பட்டம் வரை எப்படி எடுத்து வைப்பது? ஒவ்வொரு முறையும் கார்புரேட்டர் சுத்தம் செய்யவே 600 ரூபாய் போகிறது." — வாசகி, பட்டாபிராம்.

பதில்: டேங்க் பெட்ரோலை எடுத்து வண்டியில் ஊற்றிவிடுங்கள். பிறகு வீடரை ஸ்டார்ட் செய்து, அதுவாக நிற்கும் வரை ஓட விடுங்கள். கார்புரேட்டரில் மிச்சம் இருக்காது. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஸ்க்ரூ இருந்தால் அதையும் திறந்து வடித்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி, துளையில் ஒரு ஸ்பூன் புது இன்ஜின் ஆயில் ஊற்றி, கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுங்கள். பிளக்கை மாட்டிய பிறகு கயிற்றை இழுக்கும்போது ஒரு இடத்தில் கை கனக்கும்; அங்கே நிறுத்துங்கள். அப்போது வால்வு இரண்டும் மூடியிருக்கும், உள்ளே ஈரம் போகாது. சைலன்சர் வாயில் ஒரு துணிப்பந்தைச் செருகி வையுங்கள், குளவி கூடு கட்டாது. அடுத்த பட்டத்தில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் துணியை எடுக்க மறக்காமல் இருக்க, கயிற்றுக் கைப்பிடியில் ஒரு சிவப்பு நாடா கட்டிவிடுங்கள்.